சங்கிலியனை எழுதிய ஏழு ஆண்டுகள்

தோட்டவெளிக்கு நான் முதன்முதலாகப் போனது 2014ஆம் ஆண்டில். மன்னார்த் தீவுக்குள், பேசாலைக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. என்னிடம் படித்த ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டு விறாந்தையில் இருந்து, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் பற்றி அப்போது எழுதி முடித்துவிட்டதாக நான் நினைத்திருந்த நாவலின் மன்னார் அத்தியாயத்தை அவளுடைய மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். எழுபது கடந்தவர். கையில் செபமாலை. வாசித்து முடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“பிள்ளை, உங்கள் ராசா யோசிப்பதற்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் சாவதற்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.”

மன்னாரில் கிறிஸ்தவரானவர்களைச் சங்கிலி வெட்டுவித்ததைச் சொல்லும் அந்த வரி இதுதான்: ‘அன்று அறுநூறு பேர் வாளுக்கு இரையாயினர்.’ யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாவல் உண்மையிலேயே முடிய அதற்குப் பின்னும் ஐந்து ஆண்டுகள் சென்றன. கொடியவன் என்று பெயரெடுத்த ஒரு போர்க்கால அரசனைக் கதையாக்க விரும்பும் இளையவர்கள் சிலர் இப்போது வீடு தேடி வந்து வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக நான் பட்டறிந்ததை எழுதி வைக்கிறேன்.

நல்லூர் முத்திரைச்சந்தியில் வாளோடு குதிரைமேல் இருக்கும் சங்கிலியன் சிலையைக் கடந்துதான் முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடம் போய்வந்தேன். 2011இல் அந்தச் சிலை புதிதாக அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றதும் எழுதத் தொடங்கினேன். பறங்கியரை, அதாவது போர்த்துக்கேயரை, எதிர்த்து நின்ற மன்னன் என்ற பெருமிதம் நிறைய இருந்தது. அதைத் தவிர என் கையில் அப்போது வேறொன்றும் இருக்கவில்லை.

முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி என்னை நிறுத்தியது: எந்தச் சங்கிலி? யாழ்ப்பாண அரசின் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையைத் திறந்தால் அங்கே இருப்பவன் ஒரே சங்கிலி. உடன்பிறந்தாரைக் கொன்று அரசைப் பிடித்தவனும், மன்னாரில் மதம் மாறியவர்களை வெட்டுவித்தவனும், பறங்கியரிடம் அரசை இழந்தவனும் அவனே. ஆனால் மன்னார்க் கொலை நடந்தது 1544இல். அரசு வீழ்ந்தது 1619இல். இடையில் எழுபத்தைந்து ஆண்டுகள். மயில்வாகனப் புலவர் வைபவமாலையை எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்து அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி. அதற்குள் மக்கள் நினைவு இரண்டு மூன்று மன்னர்களை ஒரே உருவமாகப் பிசைந்துவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வைபவமாலையை ஆராய்ந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தார். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்ட செகராசசேகரன். மற்றவன் சங்கிலி குமாரன். 1617இல் அரசகேசரியையும் அரச குடும்பத்தினரையும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றி, இரண்டே ஆண்டுகளில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவிடம் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டவன். அந்த அரசகேசரிதான் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவர் என்பார்கள். ஒரு கவிஞனைக் கொன்றவன் என்பது எழுதுகிறவளுக்கு எவ்வளவு வசதியான பழி! அதைத் தூக்கி முதலாமவன் தலையிலும் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியவன் முதலாமவன்.

அப்போது நான் செய்த ஒரு வேலையை எவருக்கும் பரிந்துரைப்பேன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கங்களை ஒட்டிச் சுவர் நீளத்துக்கு ஒரு பட்டியல் போட்டேன். வைபவமாலை சொன்னது நீல மை. பறங்கியர் எழுதியது சிவப்பு மை. நானாகக் கற்பித்தது பென்சில். ஆறு மாதம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அரசனின் கொலைகள் நீலத்திலும் சிவப்பிலும் இருந்தன. அவனுடைய இரக்கம், குழந்தைகள்மேல் கொண்ட அன்பு, கொலைக்குப் பின் தூங்காத இரவு எல்லாம் பென்சிலில் இருந்தன. பகைவர் எழுதிய சிவப்பை நான் முழுவதும் நம்பவில்லை. போர்த்துக்கேயரான குவேரோஸ் பாதிரியார் இலங்கை பற்றிய தம் பெரிய நூலை கோவாவில் இருந்து முடித்தது 1687இல். மன்னார்க் கொலை நடந்து ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளின் பின். அவருக்கு யாழ்ப்பாண அரசன் கொடுங்கோலனாக இருந்தே ஆகவேண்டிய தேவை இருந்தது. என்றாலும் நீலமும் சிவப்பும் ஒன்றாகச் சேரும் இடம் மன்னார். இருதரப்பும் சொல்வதை என் பென்சில் மறைக்க முயன்றிருந்தது.

இதில் ஒரு சிறு விலகல். நம் ஊரில் துரோகிக்கு மறுபெயர் காக்கைவன்னியன். சங்கிலியைப் பறங்கியருக்குப் பிடித்துக் கொடுத்தவன் அவன் என்று வைபவமாலை சொல்கிறது. 1803இல் ஆங்கிலேயரிடம் தோற்ற பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனும் காக்கைவன்னியன் என்றே கதை சொல்கிறோம். இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே பெயரில் ஒரே வேலைக்கு ஒருவன் வருகிறான் என்றால், தோல்வியை நாம் விளங்கிக்கொள்ளும் முறை அது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் முதற் பிரதியிலும் ஒரு துரோகி இருந்தான். அவனை நீக்கியபோதுதான் பறங்கியரின் கப்பல்களும் பீரங்கிகளும், அரச குடும்பத்துக்குள்ளேயே நடந்த போட்டியும் கதைக்குள் வர இடம் கிடைத்தது.

மூல நூல்களைத் தேடி அலைந்த அலைச்சலைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் அழிந்தன. மாணவியாக நான் இருந்து வாசித்த மேசை எந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று இன்றும் கண்ணை மூடிக் காட்டுவேன். நமக்கு வரலாறு எழுதுவது என்றால் மிஞ்சியதை வைத்து எழுதுவது.

இனி அந்த ஆறு பக்கங்களுக்கு வருகிறேன். மன்னார்க் கடற்கரை மக்கள், அப்போது தமிழ்நாட்டுக் கரையில் கிறிஸ்தவம் போதித்துக்கொண்டிருந்த பாதிரியார் சவேரியாரைத் தங்கள் ஊருக்கு அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை. குருவானவர் ஒருவரை அனுப்பினார். மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். நல்லூரில் இருந்து பார்த்தால் அது வழிபாட்டு மாற்றத்தோடு நிற்கவில்லை. திருமுழுக்குப் பெற்றவர் போர்த்துக்கல் மன்னனின் காவலுக்குள் போகிறார். அவரோடு மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பும் போகிறது. அதற்கு முந்திய ஆண்டுதான் பறங்கியரின் கப்பற்படை வந்து மிரட்டித் திறை கேட்டிருந்தது. அரசுரிமை கேட்ட உடன்பிறந்தான் ஒருவனும் பறங்கியர் பக்கம் சாய்ந்திருந்தான். சங்கிலியின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. நான் எழுதிய ஆறு பக்கங்களிலும் பொய் ஒன்றும் இல்லை.

அங்கேதான் ஆபத்து இருந்தது. ஒருவனுடைய காரணங்களை அவன் மனத்துக்குள் புகுந்து, அழகான தமிழில், இடையூறு இல்லாமல் சொல்லிக்கொண்டே போனால், ஆறாம் பக்கத்தில் வாசகர் அவனோடு சேர்ந்து வாளை எடுத்துவிடுவார். நானே எடுத்திருந்தேன். காரணங்களைச் சொல்லக்கூடாது என்பதல்ல. சொல்லாவிட்டால் அவன் தெருக்கூத்து அரக்கன் ஆகிவிடுவான். அரக்கனிடம் இருந்து எவரும் எதையும் அறிந்துகொள்ள முடியாது. ஆனால் அவை யாராவது ஒருவருடைய காதில் விழவேண்டும். கேட்கிறவர் முகம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே அரசனின் மனத்துக்குள் நடக்கும் அத்தியாயங்கள் எல்லாவற்றையும் நீக்கினேன். நாற்பது பக்கங்களுக்கு மேல் போயின. இனி அவனை வெளியில் இருந்து மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவன் சொல்வதை ஓலையில் எழுதும் கணக்கன், யானைப் பந்தியைக் காப்பவன், அரண்மனைத் துணி வெளுக்கும் பெண், இவர்களுடைய கண்ணால். கணக்கன் கட்டளையை எழுதும்போது எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுகிறது. வேறு ஓலை எடுத்து மறுபடியும் எழுதுகிறான். அரசன் அதே சொற்களை மறுபடியும் சொல்கிறான், குரலில் மாற்றம் இல்லாமல். ஆறு பக்கம் சிந்திக்க வைத்தும் என்னால் காட்ட முடியாத மனிதன் அந்த இடத்தில் தெரிந்தான்.

எதிர்த்தரப்பையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டியிருந்தது. கொலைக்குப் பழிவாங்க யாழ்ப்பாணத்தின்மேல் படை அனுப்பவேண்டும் என்று சவேரியார் வற்புறுத்தினார். படையும் திரண்டது. அந்த நேரத்தில் பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியது. சரக்கு அரசன் கைக்குப் போனது. அதை மீட்கும் பேச்சு முந்திக்கொண்டது, படையெடுப்பு கைவிடப்பட்டது. இறந்தவர்களைவிடச் சரக்குக்கு விலை அதிகமாக இருந்தது. இந்தச் செய்தியை அறிந்த அன்று எனக்குப் பறங்கியர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அது சங்கிலியின் கணக்கில் இருந்து ஒரு தலையைக்கூடக் குறைக்காது.

சமையலிலும் தளபாடத்திலும் நான் விட்ட பிழைகள் பல. முதற் பிரதியில் அரசன் கதிரையில் இருந்து ஒடியற் கூழ் குடித்தான். கூழில் செத்தல் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் இருந்தன. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்காவில் இருந்து ஐரோப்பியர் கப்பலில் வந்தவை. கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். நாம் அன்றாடம் புழங்கும் மேசை, யன்னல், வாங்கு, அலவாங்கு, குசினி, சப்பாத்து, பாண், லேஞ்சி, தவறணை எல்லாம் அவ்வழி வந்தவையே. எதிரியின் சொல்லில் அமர்ந்துகொண்டு அவன் எதிரியைப் பழித்தான்! இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். கூழில் மிளகைச் சேர்த்தேன், மிளகாயை எடுத்தேன். பனையும் மீனும் மட்டும் அப்படியே நின்றன. இதை வெறும் நுணுக்கம் என்று எவரும் ஒதுக்கவேண்டாம். நம் வீட்டுக் குசினிக்குள் எவ்வளவு தூரம் அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை அறிந்த பிறகுதான், அவர்கள் வராத ஒரு யாழ்ப்பாணத்தை என்னால் மனக்கண்ணில் காண முடிந்தது.

இடங்களும் ஏமாற்றும். நல்லூரில் மந்திரி மனை என்ற பழைய மாளிகையில் சங்கிலியை நடக்கவிட்டிருந்தேன். இன்று நிற்கும் அந்தக் கட்டடம் ஐரோப்பியர் காலத்து வேலைப்பாடு கொண்டது. அங்கிருந்து சுரங்கம் போகிறது என்று சிறுவயதில் கேட்ட கதையை நம்பி ஓர் இரவுப் பயணமும் எழுதியிருந்தேன். இரண்டையும் விட்டேன். யமுனா ஏரியின் கரையில் ஒரு வெயில் நாள் முழுவதும் இருந்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தவளை எப்போது கத்துகிறது என்று குறித்துக்கொண்டேன். நல்லூர் இராசதானிக்கு நான்கு திசையிலும் காவலாகச் சொல்லப்படும் சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளி அம்மன் கோயில்களை ஒரே நாளில் நடந்து சுற்றினேன். பழைய கந்தசுவாமி கோயில் இருந்த நிலம் என்று சொல்லப்படும் இடத்தில் இன்று நிற்பது முத்திரைச்சந்தித் தேவாலயம். நடந்தால்தான் அந்த ஊர் எவ்வளவு சிறியது என்று தெரியும். அரசன் கோபத்தில் கத்தினால் சந்தை வரை கேட்டிருக்கும்.

1560இல் கோவாவின் பதிலாளுநர் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, அரசன் கோப்பாய்ப் பக்கம் பின்வாங்கி அங்கிருந்து வன்னிக்குப் போனான். அந்தப் பகுதியை எழுத எனக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை. போர் நெருங்கிவர யாழ்ப்பாணத்தார் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நானும் மழையில் நடந்தேன். வலிகாமமே செம்மணி வெளியிலும் கோப்பாய் வீதியிலும் இறங்கியிருந்தது. அம்மாவைத் துவிச்சக்கரவண்டியின் பின்னால் இருத்தி, தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை அடையும்போது விடிந்துவிட்டது. அத்தனை மணி நேரத்தில் யாரும் அரசியல் பேசிக் கேட்கவில்லை. “மாட்டை அவிழ்த்து விட்டீர்களா?” என்று ஒருவர். “கிணற்று வாளியை உள்ளே வைத்தேனா?” என்று அம்மா, திரும்பத் திரும்ப. அந்தக் கேள்விகளை 1560இன் மக்களிடம் கொடுத்தேன். அரசனிடம் கொடுக்கவில்லை. என்னுடைய நடை அவனுக்கு உரியதல்ல.

இதோடு தொடர்பான இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2017இல் நண்பர்கள் சிலர் கூடியிருக்க மூன்று அத்தியாயங்களை வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, “ரீச்சர், சங்கிலி என்று எழுதி நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; காணாமற்போன பிள்ளையின் படத்தை வீட்டில் வைத்திருக்கும் தாய் ஒருவரும் அங்கே இருந்தார். சங்கிலியைத்தான் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன். அது முழு உண்மை அல்ல என்று எனக்கே தெரிந்தது. பிரதியில் இரண்டு வசனங்கள் வாசகருக்குக் கண்காட்டுவதற்கென்றே எழுதப்பட்டிருந்தன. அன்றிரவே அவற்றை வெட்டினேன். நேற்றைய போரைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்தால் அதை நேற்றைய போராகவே எழுதும் துணிவு எனக்கு வரவேண்டும். நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் உடலைத் திரையாகப் பிடிக்க எனக்கு உரிமை இல்லை. வாசகர் தாமாக எதையாவது நினைத்தால் அது அவருடைய நினைவு. அதைத் தடுக்கவும் கூடாது, தூண்டவும் கூடாது.

மன்னார் அத்தியாயத்தை ஏழு தடவை எழுதினேன். அறுநூறு என்ற தொகை மனத்தில் நிற்பதில்லை. பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை. சவேரியாரின் கடிதம் ஒன்றில் இருந்து ஒரு பிடி கிடைத்தது. தாம் திருமுழுக்குக் கொடுத்தவர்களுக்கு அவர்களுடைய புதுப் பெயரை எழுதிக் கொடுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். அதை மன்னாருக்குக் கொண்டுவந்தேன். மீனவப் பெண் ஒருத்தியிடம் அவளுடைய புதுப் பெயர் எழுதிய ஓலை நறுக்கு இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பெயர் வாயில் நுழையாததால் இரண்டு நாளில் மறந்துவிடுகிறாள். யாரிடமாவது கேட்கவேண்டும் என்று மடியில் செருகிக்கொண்டு திரிகிறாள். நல்லூரில் கணக்கன் எழுதிய ஓலையும் இவள் மடியில் இருக்கிற ஓலையும், அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டு ஓலைகள்தான். வாள் ஒரே ஒரு வசனத்தில் வருகிறது.

2019இல் நூல் அச்சாகியது. முதற் பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்குப் போனேன். அதே விறாந்தை. அந்தச் செபமாலை அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, நானே வாசித்தேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அவருடைய மகன் இடையில் கையை நிறுத்தினார்.

“ரீச்சர், இது எந்த மாதம்?”

“ஆண்டின் கடைசிப் பகுதி.”

“அப்படியென்றால் சோழகம் எப்படி அடிக்கும்? அது ஓய்ந்திருக்கும். வாடை எடுக்கிற காலம். வாடைக்குப் பாய் விரித்தால் இங்கிருந்து அக்கரைப் புன்னைக்காயல் பக்கம் சுகமாகப் போய்விடலாமே.”

என் அத்தியாயத்தில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எதிர்த்து அடித்து வள்ளங்களைக் கரையோடு கட்டிவைத்திருந்தது. அந்த மக்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது; ஆகவே ஒரு காற்றை உண்டாக்கியிருந்தேன். சுவர்ப் பட்டியலில் அதைப் பென்சிலால்கூடக் குறித்திருக்கவில்லை.

அம்மா செபமாலையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: “போயிருக்கலாம். போகவில்லை, பிள்ளை.”

இரண்டாம் பதிப்புக்காக இப்போது அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். காற்று நல்ல காற்று. வள்ளம் தண்ணீரில் நிற்கிறது, பாய் சுருட்டியபடி இருக்கிறது. அந்தப் பெண் கரைக்கு வந்து வள்ளத்தின் விளிம்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு மடியில் ஓலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கிறாள். அவள் அப்போது என்ன நினைத்தாள் என்று நான் எழுதவில்லை.